ஃபேட்டி லிவர் இருக்கா? எக்சர்சைஸ இப்படி ஆரம்பிங்க

ஸ்கேன்ல கிரேடு 1 (லேசானது), கிரேடு 2 (நடுத்தரம்) ஃபேட்டி லிவர்னு, அதாவது லிவர்ல கொழுப்பு சேந்திருக்குன்னு வந்தா டாக்டர் முதல்ல சொல்றது நடங்கன்னுதான், ஆனா எவ்வளவு, எப்படின்னு விவரமா சொல்ல அங்க நேரம் இருக்காது. எங்க மாமா மூணு மாசம் விடாம நடந்துட்டு வெயிட் மெஷின்ல ஒரு கிலோகூட குறையலன்னு மனசு விட்டு நிறுத்திட்டாரு, எனக்கு இன்னிக்கும் அது வருத்தம்தான், ஏன்னா எடை அசையலன்னாலும் எக்சர்சைஸ் பண்ணா லிவர்ல இருக்க கொழுப்பு குறையும், அத மெஷின் காட்டாது.

காரணம் தசைதான். சாப்பிட்ட சர்க்கரையில பெரும்பகுதிய தசை இழுத்துக்கணும், உக்காந்தே இருந்தா அது சரியா இழுக்காது, இன்சுலின் ஏறும், மிச்ச சர்க்கரைய லிவர் கொழுப்பா மாத்தி வச்சுக்கும். வேலை செஞ்ச தசை ஒண்ணு ரெண்டு நாளைக்கு சர்க்கரைய நல்லா இழுக்கும், அதனாலதான் ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் நடக்குறத விட நடுவுல ரெண்டு நாள் கேப் விழாம பாத்துக்கிறது முக்கியம்.

குறி வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது அஞ்சு நாள் அரை மணி நேரம். வேகம் எப்படி தெரியும்னா, நடக்கும்போது பேச முடியணும் ஆனா பாட்டு பாட மூச்சு பத்தக்கூடாது. பழக்கமே இல்லாதவங்க முதல் ரெண்டு வாரம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 10 நிமிஷம் மட்டும் நடங்க, அப்புறம் வாரா வாரம் அஞ்சு நிமிஷம் கூட்டிட்டே போங்க.

முட்டி வலி இருக்கா, நடக்க முடியலயா, விட்டுடாதீங்க, தசைக்கு வேலை குடுக்குற பயிற்சியும் லிவர் கொழுப்ப குறைக்கும். சுவத்துல கைய ஊனி புஷ்அப், தண்ணி நிரப்புன ஒரு லிட்டர் பாட்டில ரெண்டு கைலயும் தூக்கி இறக்குறது, முட்டி தாங்கினா நாற்காலில உக்காந்து எந்திரிக்கிறது, ஒவ்வொண்ணும் 10 தடவை, ரெண்டு சுத்து. நடக்குறவங்களும் வாரத்துல ரெண்டு நாள் இத சேத்துக்கோங்க, குறிப்பா ஒல்லியா இருந்தும் ஃபேட்டி லிவர் வந்தவங்க, நம்ம ஊர்ல அப்படி நிறைய பேர் இருக்காங்க.

எடையும் குறைஞ்சா இன்னும் நல்லது, 80 கிலோ இருக்கவங்க 4 கிலோ, அதாவது எடையில 5 சதவீதம் குறைச்சாலே கொழுப்பு நல்லா இறங்கும், 7 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா லிவர் வீக்கமும் குறையும். ஆனா வாக்கிங் முடிச்சுட்டு வர்ற வழில ஜூஸ் கடையில சர்க்கரை போட்ட ஜூஸ் குடிக்காதீங்க, நடந்ததுக்கு பாதி அங்கயே போயிடும். குடிப்பழக்கம் இருந்தா அத நிறுத்தாம எக்சர்சைஸ் மட்டும் பண்ணி லிவர காப்பாத்த முடியாது.

சுகருக்கு இன்சுலின் போடுறவங்க, நெஞ்சுவலி வந்தவங்க, சிரோசிஸ்னு (லிவர் தழும்பேறி இறுகிப்போறது) சொல்லப்பட்டவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் ஆரம்பிக்கணும், சிரோசிஸ்ல கனமான வெயிட் தூக்குறது ஆபத்து.

குறைஞ்சது மூணு மாசம் குடுங்க, நிறுத்துனா கொழுப்பு திரும்ப ஏறும். இன்னொண்ணு, லிவர் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் புதுசா கடுமையான வெயிட் பயிற்சி வேண்டாம், தசை வலி எடுத்தா அந்த டெஸ்ட்ல பாக்குற எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடிங்கிற என்சைம் ரெண்டும் ஏறிக் காட்டும், லிவர் மோசமாயிடுச்சோன்னு வீணா பயந்துடுவீங்க.