மலையில் கேமிங் கணினி கட்டுகிறவர்களுக்கு: பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

சாயங்காலம் ஆறரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் மட்டும் தானாக அணைந்து எழுந்துகொள்ளும் ஒரு கணினியோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். கோத்தகிரியில் இருக்கும் அக்கா மகனுக்காக 2024இல் அறுபதாயிரம் ரூபாய்க்குள் பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்த கணினி அது. பார்த்த காணொளிகள் எல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் செய்தவை. முதலில் கிராபிக்ஸ் கார்டை (திரைக்குப் படம் வரைந்து தரும் பாகம்) தேர்ந்தெடு, மிச்சப் பணத்தில் மற்றதைப் பார் என்பார்கள். சமவெளிக்கு அது சரியாக இருக்கலாம். நீலகிரியில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கை.

முதல் படி: லைனை அளந்து பாருங்கள்

பிளக்கில் செருகினால் வோல்டேஜ் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. மூன்று நாள், காலை ஏழு மணிக்கும் இரவு ஏழரை மணிக்கும் பார்த்து எழுதிவையுங்கள். தெருவில் எல்லோரும் கீசரும் ஹீட்டரும் போடும் நேரம் அது. 230க்குப் பக்கத்தில் நின்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 190க்குக் கீழே இறங்கினால் அடுத்த படியை இரண்டு முறை படியுங்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டைத் தொடும்போது கை சுர்ரென்று கூசும். கணினி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், கெட்டிருப்பது வீட்டு ஒயரிங்.

இரண்டாம் படி: எஸ்எம்பிஎஸ்

நான் விழுந்த இடம் இதுதான்.

சுவர் மின்சாரத்தைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தருவதுதான் எஸ்எம்பிஎஸ். அது வரும் பெட்டியின் முன்பக்கத்தில் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான தர முத்திரை) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நானும் அதை மட்டும் பார்த்துத்தான் வாங்கினேன். பகலில் கணினி பிரமாதமாக ஓடியது. இரவில் படம் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. விளையாட்டைத் திறந்து பத்து நிமிடம் ஆனதும் திரை கறுத்து, மறுபடி முதலிலிருந்து எழுந்து வரும். கிராபிக்ஸ் கார்டு சூடாகிறதோ என்று பார்த்தேன், 60 டிகிரியைத் தாண்டவில்லை. ராமைக் கழற்றி மாற்றி மாற்றிச் செருகினேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். கடைசியில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி பஸ்ஸில் கோவைக்கு இறக்கி, வாங்கிய கடையிலேயே நான்கு மணி நேரம் ஓடவிட்டோம். சிணுங்கவே இல்லை.

“சார், வீட்டு லைனைப் பாருங்கள்” என்றார் கடைக்காரர். தப்பிக்கப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம்.

திரும்பி வந்து அன்று இரவு மீட்டரைச் செருகினேன். 174. அடுப்படியில் அக்கா கீசரைப் போட்டதும் 166. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பியில் எங்கள் வீடு கடைசி.

அப்போதுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படித்தேன். மேல் வரிசையில் ஏசி இன்புட், அதாவது சுவரிலிருந்து உள்ளே வர வேண்டிய மின்சாரம்: 200–240 வோல்ட். வோல்டேஜ் இறங்கினால் அதே வாட்டைக் கொடுக்க எஸ்எம்பிஎஸ் அதிக ஆம்பியர் இழுக்க வேண்டும். படம் பார்க்கும்போது சமாளித்துவிடும். விளையாட்டு தொடங்கி கிராபிக்ஸ் கார்டு முழு வாட்டைக் கேட்டதும் கைவிரித்துவிடும். 100–240 என்று போட்ட வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினேன். அன்றோடு சரி.

ஆகவே கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி அந்த ஒரு வரியைப் படியுங்கள். ஒரே பெயர், ஒரே வாட், ஒரே நிறப் பெட்டியில் இரண்டு வகையும் வருவதுண்டு. இணையத்தில் வாங்குவதானால் தயாரிப்பாளரின் தளத்தில் இன்புட் வோல்டேஜைப் பாருங்கள், விற்பவரின் விளம்பரத்தை நம்ப வேண்டாம். 750 வாட் வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்துவார்கள். கீழே நான் சொல்லும் பாகங்களுக்கு மொத்தமாக 300 வாட் கூட ஆகாது. 550 போதும்.

மூன்றாம் படி: யுபிஎஸ்

மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், மின்சாரம் பல முறை வந்து வந்து போகும். யுபிஎஸ் இல்லாமல் இங்கே கணினி வைக்காதீர்கள். அதன் விலையை முதலிலேயே கணக்கில் எடுத்து வையுங்கள். எல்லாம் வாங்கியபின் பார்க்கலாம் என்றால் பணம் இருக்காது. அலுவலகங்களில் வைக்கும் 600 விஏ (யுபிஎஸ்ஸின் திறனைச் சொல்லும் அளவு) யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மானிட்டரையும் சேர்த்தால் மூச்சு முட்டும். 1000 விஏக்குக் குறையாமல் வாங்குங்கள். மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது சீரான சைன் அலை தருவதில்லை, படிப்படியான அலையே வரும். சில எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல், யுபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துவிடும். எது எதோடு ஒத்துப்போகும் என்பதைச் செருகிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டையும் ஒரே கடையில் வாங்கி, விளையாட்டு ஓடும்போது சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நான்காம் படி: பிராசசரும் மதர்போர்டும்

நாங்கள் வாங்கிய பிராசசர் ஏஎம்டியின் ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட், கூலரும் பெட்டிக்குள்ளேயே வரும். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் இன்டெல் ஐ3 12100எஃப் நான்கு கோர்தான் என்றாலும் விளையாட்டுகளுக்கு மோசமில்லை. இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கம்பியை மதர்போர்டில் செருகிவிட்டு “மாமா, படமே வரவில்லை” என்று அக்கா மகன் அழாத குறையாக நின்றான். கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.

ரைசனுக்கான மதர்போர்டுகளில் பி550 வகை நல்லது; பி450 மலிவு. பழைய இருப்பாக இருந்தால் பி450இன் பயாஸுக்கு (மதர்போர்டிலேயே இருக்கும், கணினியைத் துவக்கும் மென்பொருள்) 5000 வரிசை பிராசசரை அடையாளம் தெரியாது. பில் போடும் முன்பே கடையில் பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். மேலே வந்தபின் தெரிந்தால், போக வர ஒரு நாள் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மண் சரிந்தால் ஒரு நாளில் போய்வரவும் முடியாது.

ஐந்தாம் படி: கிராபிக்ஸ் கார்டு

எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதும் விஷயம், நான் சுருக்கிக்கொள்கிறேன். 1080பி (ஃபுல் எச்டி) திரைக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 போதும். 8 ஜிபி நினைவகம், 132 வாட். வாட் குறைவு என்பதால் யுபிஎஸ்ஸும் தாங்கும். 4 ஜிபி கார்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகும், போகட்டும்.

ராமும் எஸ்எஸ்டியும்

8 ஜிபி ராம் இரண்டு வாங்குங்கள், 16 ஜிபி ஒன்று வேண்டாம். மதர்போர்டில் நான்கு துளைகள் இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) இயக்காவிட்டால் 3200 வேகம் என்று வாங்கிய ராம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். எஸ்எஸ்டி என்விஎம்இயாக (மதர்போர்டிலேயே செருகும் வேகமான வகை) இருக்கட்டும். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் மாட்டிக்கொள்ளலாம். “இந்த உயரத்தில் ஓடுமா” என்று அக்கா கணவர் கேட்டார். சாதாரணமாக 3,000 மீட்டர் வரை ஓடும் என்றே போட்டிருக்கும். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

குளிர்விப்பதில் மிச்சம் பிடியுங்கள்

நமக்கு மலை தரும் தள்ளுபடி இது. உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், ஆகவே விசிறி தள்ளும் காற்றும் லேசு. ஆனால் அறையே 15 டிகிரியில் இருக்கும்போது அது பெரிய குறை இல்லை. தண்ணீர்க் கூலர், ஆறு விசிறி, வண்ண விளக்கு எதற்கும் காசு கொடுக்காதீர்கள். பிராசசரோடு வரும் கூலரும், கேபினெட்டில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு விசிறியும் போதும். இதில் மிச்சமாகும் பணத்தை யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

மேலே கொண்டுவருவது, சேர்ப்பது

கடையிலேயே சேர்த்துத் தருவதானாலும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியில் வைத்துத் தரச் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கார்டின் கனம் அது செருகியிருக்கும் துளையை நெம்பிக்கொண்டே வரும். கேபினெட்டை மதர்போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி படுக்கவைத்து எடுத்து வாருங்கள்.

நீங்களே சேர்ப்பதானால் முனையில் காந்தம் உள்ள ஒரு நல்ல நட்சத்திரத் திருப்புளி போதும். முப்பத்திரண்டு முனைகளோடு வரும் பெட்டி வெறும் ஆடம்பரம். தை, மாசியில் காற்று வறண்டிருக்கும்போது ஸ்வெட்டரோடு உட்காராதீர்கள். கம்பளியில் ஏறும் நிலைமின்சாரம் ஒரு ராமைத் தீர்த்துவிடப் போதும். குளிர்கிறது என்றால் ஜன்னலைச் சாத்துங்கள்.

பின்சேர்க்கை 1: கூடலூரிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். ஆனி, ஆடி மழையில் செருப்பே பூசணம் பூக்கும் ஊரில் கணினிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா? காற்றோட்டமுள்ள பெட்டியில் அது ஓரிரு நாளில் ஈரம் குடித்து நிறைந்துவிடும், பயனில்லை. தினமும் ஒரு மணி நேரமாவது கணினியை ஓட்டுங்கள். ஓடும் கணினி அறையைவிடச் சூடாக இருப்பதால் ஈரம் படியாது. ஊருக்குப் போய் இரண்டு வாரம் பூட்டி வைத்திருந்தால், வந்ததும் பொத்தானை அழுத்தாதீர்கள். பக்கப் பலகையைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் அரை நாள் வைத்துவிட்டு இயக்குங்கள். அவர் ஊர் உதகை அளவு குளிராது, அங்கே இரண்டுக்கு மூன்று விசிறியாக வைத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 2: 2025இன் கடைசி மாதங்களில் ராம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. மேலே சொன்ன அறுபதாயிரம் இப்போது போதாது. கையில் பழைய டிடிஆர்4 ராம் (இந்தக் கணினிக்குப் பொருந்தும் வகை) இருந்தால் விற்றுவிடாமல், அதை வைத்தே இந்தக் கணினியைத் திட்டமிடுங்கள்.

பின்சேர்க்கை 3: வீட்டு இன்வெர்ட்டரே யுபிஎஸ்ஸுக்குப் போதாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்தில் யுபிஎஸ் என்றும் நார்மல் என்றும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் வைத்தால், மின்சாரம் போய்ப் பேட்டரிக்கு மாறும் நேரத்துக்குள் கணினி அணைந்துவிடலாம். யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். தள்ளியபின் லைன் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். எங்கள் வீடு மாதிரிக் கடைசிக் கம்பி வீடென்றால் சாயங்காலம் முழுக்கப் பேட்டரியில்தான் ஓடும், ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும்.