ஸ்கேட்டிங் ஜம்ப்பை டிவி கிளிப் வச்சு அளக்குறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி எனக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார். இருபது ஐஸ் ஸ்கேட்டர், டிரிபிள் ஆக்சல் (முன்னாடி பார்த்து கிளம்பி காத்துல மூணரை சுத்து சுத்துற ஜம்ப்) மட்டும், ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா உயரம் சென்டிமீட்டர்ல, அதுவும் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கத்தோட. பார்த்ததும் பக்குனு ஆயிடுச்சு, ஏன்னா நான் ஆரம்பத்துல போட்ட ஷீட்டும் அச்சு அசல் இதே மாதிரி தான் இருந்துச்சு. 2019 மார்ச்ல ஜப்பான் சைட்டாமால நடந்த ஃபிகர் ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்ல ஃபுஜி டிவி ஐஸ்ஸ்கோப்னு ஜம்ப்பை அளக்குற சிஸ்டம் ஒண்ணைப் போட்டு, ஜம்ப் முடிஞ்சதும் உயரம், தூரம், லேண்டிங் வேகம் மூணையும் ஸ்க்ரீன்ல காட்டினாங்க இல்லையா, அதைப் பார்த்துட்டு தான் என்னை மாதிரி பல பேர் நாமளே அளந்து பார்த்தா என்னன்னு இறங்கினோம். சின்னச் சின்ன தப்பெல்லாம் நாலு ஜம்ப் அளந்தா தானா சரியாயிடும், அதை இங்க சொல்லல. தானா சரியாகாததை மட்டும் சொல்றேன்.

கிளிப் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்காம ஃப்ரேம் எண்ணுறது

இது தான் இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் வர்ற தப்பு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முறை எல்லாருக்கும் தெரிஞ்சது தான். ஸ்கேட்டர் காத்துல இருக்குற ஃப்ரேம் எத்தனைன்னு எண்ணி, செகண்டுக்கு எத்தனை ஃப்ரேமோ அதால வகுத்தா ஏர்டைம் கிடைக்கும். அதை அதாலயே பெருக்கி 1.226 ஆல பெருக்கினா உயரம் மீட்டர்ல வந்துடும். 0.70 செகண்டுன்னா கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர். பார்க்க ரொம்ப சுலபமா இருக்கும், ஆனா டைம் இங்க ரெண்டு தடவை பெருக்கப்படுது, அதனால டைம்ல விழுற சின்ன தப்பு உயரத்துல ரெண்டு மடங்கா வரும். செகண்டுக்கு 30 ஃப்ரேம் கிளிப்ல 21 ஃப்ரேம் எண்ணினா 60 சென்டிமீட்டர், அதையே 20னு எண்ணினா 54.5. ஒரே ஒரு ஃப்ரேம் தான், அதுக்கே அஞ்சரை சென்டிமீட்டர் போயிடுச்சு. உலகத்தர ஸ்கேட்டர் ரெண்டு பேருக்கு நடுவுல இருக்குற வித்தியாசமே பல நேரம் அவ்வளவு தான்.

ஒரு கோச் அவங்ககிட்ட கத்துக்குற பொண்ணோட டிரிபிள் லுட்ஸை (மூணு சுத்து சுத்துற இன்னொரு வகை ஜம்ப்) அளந்து தரச் சொல்லி ரெண்டு கிளிப் குடுத்தாங்க, ஒண்ணு செப்டம்பர் போட்டி, இன்னொண்ணு ஜனவரி. செப்டம்பர் கிளிப் 30 ஃப்ரேம் ஃபைல், 18 எண்ணினேன், 0.60 செகண்ட், 44 சென்டிமீட்டர். ஜனவரி கிளிப் 60 ஃப்ரேம், 34 எண்ணினேன், 39 சென்டிமீட்டர். "அக்கா, நாலு மாசத்துல அஞ்சு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு"ன்னு எழுதி அனுப்பிட்டேன். அவங்க என் நம்பரை நம்பி அந்தப் பொண்ணு ஐஸ்ல இருந்து கிளம்புற விதத்தையே மாத்த ஆரம்பிச்சாங்க. ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசத்துல நல்லா இருந்த ஜம்ப்பும் தடுமாறிப்போச்சு, பொண்ணு தினமும் அழுதுட்டு ஐஸை விட்டு வெளிய வர்றதை நான் கண்ணால பார்த்தேன்.

அப்புறம் தான் மனசு கேக்காம பழைய ஃபைலை எடுத்து ஒவ்வொரு ஃப்ரேமா தட்டிப் பார்த்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறாவதா வந்தது அஞ்சாவதோட காப்பி. பின்னாடி போர்டுல இருக்குற விளம்பர எழுத்து ஒரு இம்மி கூட நகரல, கேமரா திரும்பிட்டே இருந்ததால அது நகர்ந்திருக்கணும். அடுத்த ஆறுலயும் அதே கதை. அதாவது அசல் வீடியோ 25 ஃப்ரேம், யாரோ 30க்கு மாத்தி அப்லோட் பண்ணியிருக்காங்க. நான் எண்ணின 18ல 3 ஃப்ரேம் காப்பி, நிஜமா இருந்தது 15. 25 ஃப்ரேம் வீடியோல 15 ஃப்ரேம்னா நிஜ ஏர்டைம் 0.56ல இருந்து 0.64 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், ஏன்னா கால் கிளம்பினதும் இறங்கினதும் ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல எப்ப நடந்துச்சுன்னு வீடியோக்கு தெரியாது. உயரமா சொன்னா 38ல இருந்து 50 சென்டிமீட்டர் வரைக்கும். ஜனவரி கிளிப்புக்கும் இதே கணக்கு போட்டா 37ல இருந்து 42. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. குறைஞ்சிருக்குன்னு சொல்ல என் கையில ஒண்ணுமே இல்ல, ஆனா சொல்லிட்டேன்.

அதனால எண்ண ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஜம்ப்புக்கு பத்து ஃப்ரேம் முன்னாடி இருந்தே தட்டிப் பாருங்க. விஎல்சில ஈ கீ, யூடியூப்ல பாஸ் பண்ணிட்டு புள்ளி கீ. காப்பி ஃப்ரேம் இருந்தா அசல் ரேட்டைக் கண்டுபிடிங்க. சில கன்வர்ஷன்ல காப்பி இருக்காது, ரெண்டு ஃப்ரேமைக் கலந்து ஒண்ணா ஆக்கியிருப்பாங்க, பிளேடு ரெண்டு நிழலா தெரியும், ஒண்ணு ஐஸ் மேல, ஒண்ணு ஐஸைத் தொட்ட மாதிரி. அந்த மாதிரி கிளிப்பை நான் தொடுறதே இல்ல. ஃபைல் தகவல்ல 60னு போட்டிருக்கேன்னு நம்பாதீங்க, அது பெட்டிக்கு மேல ஒட்டின லேபிள் தான், உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தா தான் தெரியும். கடைசியா, ஒத்தை நம்பரா எழுதாதீங்க, இதுல இருந்து இது வரைக்கும்னு எழுதுங்க. அந்தத் தம்பிகிட்டயும் இதையே தான் சொன்னேன், புள்ளிக்கு அப்புறம் இருக்குற அந்த ரெண்டு இலக்கத்தை முதல்ல அழிங்கன்னு.

ஸ்லோமோஷன் ரீப்ளேல டைம் எண்ணுறது

வேண்டவே வேண்டாம். ஆபரேட்டர் லீவரை கையால தள்ளுற வேகம் அது.

ஐஸ் தூள் பறக்குறதை லேண்டிங்னு எடுத்துக்குறது

தூள் பறக்குறது தெரியுறதுக்குள்ள டோபிக் (பிளேடோட முன்னாடி இருக்குற பல்) ஏற்கனவே தொட்டிருக்கும். பிளேடோட முன் நுனியை மட்டும் பாருங்க. இன்னொண்ணு, கிளம்பும்போது கால் விரல் நுனி வரைக்கும் நீண்டிருக்கும், இறங்கும்போது முட்டி மடங்கியிருக்கும், அதாவது உடம்பு கிளம்பின உயரத்தை விட கீழ வந்து தான் தரையைத் தொடுது. அதனால ஏர்டைம் கணக்கு எப்பவும் கொஞ்சம் கூட தான் காட்டும், ரொம்ப மடக்கி இறங்குறவங்களுக்கு இன்னும் கூட.

டிவி நம்பரையும் உங்க நம்பரையும் ஷீட்ல ஒரே வரிசைல போடுறது

டிவி சிஸ்டம் ஸ்கேட்டரை படத்துல டிராக் பண்ணி உயரத்தை எடுக்குது, நீங்க டைம்ல இருந்து கணக்கு போடுறீங்க. ரெண்டும் வேற வேற அளவுகோல். டிவி நம்பரை அதே சிஸ்டத்தோட, அதே போட்டில வந்த டிவி நம்பரோட மட்டும் ஒப்பிடுங்க.

எல்லா ரிங்க்கும் 60க்கு 30னு நினைக்குறது

ஜம்ப்போட தூரத்தை அளக்க ரிங்க்கோட அளவை வச்சு தான் ஸ்கேல் போடுறோம். சர்வதேசப் போட்டில அது பெரும்பாலும் 60க்கு 30 மீட்டர் தான். ஆனா அமெரிக்கால நிறைய ஹாக்கி ரிங்க் 200 அடிக்கு 85 அடி, அகலம் 26 மீட்டர் கூட வராது. அங்க 30னு வச்சு ஸ்கேல் போட்டா அகலவாக்குல தாவின 2.5 மீட்டர் ஜம்ப் 2.9 மீட்டரா தெரியும். தூரத்துக்கு காத்துல இருக்குற உடம்பை மார்க் பண்ணாதீங்க, கால் கிளம்பின இடம், இறங்கின இடம், ரெண்டும் ஐஸ் மேல இருக்குற புள்ளியா மட்டும் எடுங்க. கேமரா நடுவுல திரும்பியிருக்கும், அதனால ரெண்டு ஃப்ரேமுக்கும் ஸ்கேலை தனித்தனியா போடணும்.

ஆக்சலையும் டோலூப்பையும் (வேற ஒரு வகை ஜம்ப்) ஒரே லிஸ்ட்ல வரிசைப்படுத்துறது

பண்ணாதீங்க. காம்பினேஷன்ல, அதாவது ஒரு ஜம்ப் இறங்கின உடனே அடுத்தது போடும்போது, ரெண்டாவதா வர்ற ஜம்ப்பையும் சேர்க்காதீங்க.

உயரம் இருந்தா சுத்து தானா வந்துடும்னு முடிவு கட்டுறது

2022 பிப்ரவரி பெய்ஜிங் ஒலிம்பிக்ல ஜப்பான் ஸ்கேட்டர் ஹன்யு யுசுரு குவாட் ஆக்சல் (நாலரை சுத்து ஜம்ப்) போட்டார், சுத்து குறைஞ்சு விழுந்தார். அதே வருஷம் செப்டம்பர்ல அமெரிக்காவோட லேக் பிளாசிட்ல 17 வயசு அமெரிக்க ஸ்கேட்டர் இலியா மலினின் அதை முழுசா இறக்கினார். நாலரை சுத்தை 0.7 செகண்டுக்குள்ள முடிக்கணும்னா செகண்டுக்கு ஆறு சுத்துக்கு மேல போகணும், ஐஸ் மேலயே கொஞ்சம் சுத்திட்டு கிளம்புறதைக் கழிச்சாலும் பெருசா குறையாது. அந்த வேகம் கையை எவ்வளவு சீக்கிரம் நெஞ்சோட இழுத்து ஒட்டுறாங்கங்கிறதுல இருக்கு. உயரம் மட்டும் அளந்துட்டு இவருக்கு குவாட் வரும், அவருக்கு வராதுன்னு எழுதுறவங்க அந்தக் கையை ஒரு தடவை கூட ஃப்ரேம் ஃப்ரேமா பார்த்திருக்க மாட்டாங்க. கிளம்பினதுல இருந்து கை முழுசா ஒட்டுற வரைக்கும் எத்தனை ஃப்ரேம்னு எண்ணிப் பாருங்க. இப்ப அந்த கோச்சுக்கு நான் முதல்ல அனுப்புறது அந்த நம்பரைத் தான், அதுவும் அவங்க கேமரால இருந்து நேரா காப்பி பண்ணின ஃபைலா இருந்தா மட்டும்.