டர்பனிலிருந்து பூர்வீக ஊர் தேடி வருகிறவர்களுக்கு உதவுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்க நண்பர் ஒருவர் எழுதுகிறார்: "என் தாத்தாவின் தாத்தா மெட்ராஸிலிருந்து கப்பலேறியவர். டிசம்பரில் குடும்பத்தோடு வருகிறோம். எங்கள் ஊரைக் காட்ட முடியுமா?" படித்ததுமே மனசு இளகிவிடும். சரி என்று சொல்லிவிட்டு, வாடகைக் கார் பேசி, கைபேசி வரைபடத்தில் ஊர்ப்பெயரைத் தட்டிப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். நாலு தலைமுறையாக ஒரு குடும்பம் சேர்த்துவைத்த ஆசை தவறான ஊரின் பிள்ளையார் கோயில் வாசலில் படம் எடுத்துக்கொண்டு முடிந்துபோகிறது.

விசா, தடுப்பூசி, குடிதண்ணீர் எல்லாம் பயண முகவரே சொல்லிவிடுவார். அவை தவிர, ஊர் தேடுகிற வேலையில் நடக்கும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் பகுதியான நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் முதல் கப்பல் 'ட்ரூரோ'. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவில். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு என்று கப்பல் பட்டியலில் எழுதினார்கள். அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. டர்பனில் க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாகத் தட்டச்சுப் படிவமாகவும் பார்க்கலாம்.

பெயரை வைத்துத் தேடுவது

முனுசாமி, வீரம்மா, சின்னசாமி, கோவிந்தன். பட்டியலில் இந்தப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வரும். தேட வேண்டியது எண்ணை. அந்த எண் பெரும்பாலும் குடும்பத்திடமே இருக்கும், அது என்னவென்று தெரியாமல் வைத்திருப்பார்கள். பழைய திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, நட்டாலில் பிறந்த முதல் பிள்ளையின் பிறப்புப் பதிவு ஆகியவற்றில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து அல்லது ஆறு இலக்கத்தில் எழுதியிருக்கும். ஆரம்பக் கப்பல்களில் போனவர் என்றால் இலக்கங்கள் இன்னும் குறைவு. கணவன், மனைவி, பிள்ளைகள் ஒன்றாக ஏறியிருந்தால் அவர்களுடைய எண்கள் அடுத்தடுத்து வரும். ஆகவே ஒரு எண் கிடைத்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஐந்தாறு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

எண் இல்லாமல் ஊருக்குக் கிளம்ப வேண்டாம்.

பட்டியலில் உள்ள ஜில்லாவை இன்றைய மாவட்டமாக எடுத்துக்கொள்வது

அதிகப் பணத்தையும் அதிகக் கண்ணீரையும் வீணாக்குவது இந்தத் தவறுதான். தடுப்பதற்கு ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து வேலை செய்தால் போதும் என்பதால் இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உதாரணமாக 1890களின் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஜில்லா: சேலம். தாலுகா: ட்ரிபட்டூர். ஊர்: புதூர். புதிதாக உதவ வருகிறவர் சேலம் மாவட்டத்தைத் தேடுவார். இன்றைய சேலத்தில் அப்படி ஒரு தாலுகா இல்லை. உடனே 'பட்டியல் எழுதிய குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டான்' என்று முடிவு கட்டி, வரைபடம் முதலில் காட்டும் திருப்பத்தூருக்கு வண்டியை விடுவார். அது மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட, சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூராக இருக்கும். இல்லையென்றால் திருச்சி பக்கத்தில் பிரம்மன் கோயில் உள்ள திருப்பட்டூர். இரண்டு ஊர்ப் பக்கத்திலும் ஒரு புதூர் கிடைக்காமல் போகாது, 'புதூர்' இல்லாத வட்டம் தமிழ்நாட்டில் அரிது. ஊர் கிடைத்துவிட்டது என்று அழைத்தவரும் நம்புவார், வந்தவரும் நம்புவார்.

குமாஸ்தா சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஜோலார்பேட்டை இருக்கும் அந்தத் திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. அந்த ஆண்டு வட ஆற்காட்டுக்குப் போனது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது வேலூர்ப் பக்கம் நின்றது. 2019இல் தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது. ஒரே மண், ஆவணத்தின் ஆண்டைப் பொறுத்து மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறும்.

வட ஆற்காட்டில் குழப்பம் இன்னும் அதிகம், நட்டாலுக்குப் போன தமிழ்க் குடும்பங்களிடம் அடிக்கடி வரும் ஜில்லாவும் அதுதான். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர். அந்த ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய பட்டியலில் 'வட ஆற்காடு, சித்தூர்' என்றோ 'வட ஆற்காடு, பலமநேர்' என்றோ 'வட ஆற்காடு, சந்திரகிரி' என்றோ இருந்தால் அந்த ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. சந்திரகிரி 2022இலிருந்து திருப்பதி மாவட்டம். இப்படிப்பட்ட குடும்பத்தை ஆரணியிலும் போளூரிலும் மூன்று நாள் சுற்றிக் காட்டினால் என்ன கிடைக்கும்? திருத்தணி எதிர்த்திசையில் வந்தது, 1960இல்தான் சித்தூரிலிருந்து தமிழகத்தில் சேர்ந்தது. தென் ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்து, 2019இல் கள்ளக்குறிச்சியும் தனியாகப் போனது. செங்கல்பட்டு ஜில்லா என்று எழுதியிருப்பது இன்றைய திருவள்ளூராகவோ காஞ்சிபுரமாகவோ இருக்கலாம். பழைய தஞ்சாவூர் இன்று நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை வரை விரிந்து கிடக்கிறது.

இதைச் செய்யும் முறை இதுதான்.

முதலில், தட்டச்சுப் படிவத்தோடு நிற்காமல் கையெழுத்துப் பக்கத்தின் படத்தை வாங்குங்கள். ஆங்கிலக் கையெழுத்தில் 'என்' எழுத்தும் 'யூ' எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும், 'டி'க்கும் 'எல்'லுக்கும் குறுக்குக்கோடுதான் வித்தியாசம். படி எடுத்தவருக்குத் தமிழ் ஊர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. நமக்குத் தெரியும். பக்கத்தை உரக்க வாசித்துப் பாருங்கள். 'பொலியம்' பாளையமாகவும் 'கூப்பம்' குப்பமாகவும் 'ட்ரி' திருவாகவும் காதுக்குத்தான் முதலில் பிடிபடும்.

அடுத்து, ஊரை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடியுங்கள். அந்தக் காலத்து மாவட்டக் கையேடுகளில் ஒவ்வொரு தாலுகாவையும் அதன் எல்லையோடு விவரித்திருக்கிறார்கள். வட ஆற்காட்டுக்கு 1881இல் காக்ஸ் தொகுத்தது, சேலத்துக்கு 1883இல் லெ ஃபானு தொகுத்தது இரண்டும் மிகவும் உதவும். அந்தத் தாலுகா இன்று எந்தெந்த வட்டங்களாக உடைந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு தமிழக அரசின் பட்டா, சிட்டா பார்க்கும் இணைய சேவையைத் திறந்து மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுத்தால் வருவாய்க் கிராமங்களின் பட்டியல் தமிழிலேயே விரியும். பட்டா எண் எதுவும் வேண்டாம், அந்தப் பெயர்ப்பட்டியல்தான் நமக்குத் தேவை. ஒலிக்குப் பொருந்தும் ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், வழக்கமாக இரண்டு முதல் நாலு வரை தேறும். ஆந்திரப் பக்கத்து ஊர் என்றால் 'மீபூமி' தளம். பட்டியலில் இருப்பது குக்கிராமமாக இருந்தால் எந்த வருவாய்ப் பட்டியலிலும் வராது. அப்போது தாய்க் கிராமத்தின் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால்தான் உண்டு.

கடைசியாக, கார் பேசுவதற்கு முன் அந்த இரண்டு மூன்று ஊர்களுக்கும் தொலைபேசியில் பேசுங்கள். வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று ஊருக்கு ஒருவர் போதும். இந்தச் சாதியார் இந்த ஊரில் இருக்கிறார்களா, எந்தத் தெரு, அவர்களின் குலதெய்வம் எது என்ற மூன்று கேள்விகளிலேயே பாதி ஊர்கள் கழன்றுவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பட்டியலில் உள்ள ஊர், ஆள் சேர்த்தபோது அவர் பிழைத்துக்கொண்டிருந்த ஊராகவும் இருக்கலாம், பிறந்த ஊராக இருந்தாக வேண்டியதில்லை. பஞ்ச காலங்களில் ஊர்விட்டு ஊர் போனவர்கள் ஏராளம். ஊர் முழுதும் பொருந்தி, சாதியார் மட்டும் அங்கே இல்லவே இல்லை என்றால் இந்தக் காரணத்தை நினைத்துப் பாருங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனை

ஊர் சொல்லாது.

பெரிய கோயிலில் வம்சாவளி கேட்பது

ஹரித்துவாரில் பண்டாக்கள் என்னும் புரோகிதர்கள் தலைமுறைக் கணக்கு எழுதிவைப்பதைக் கேள்விப்பட்டு இங்கேயும் குருக்களிடம் கேட்கிறார்கள். நம் பக்கத்துக் கோயில்களில் அந்த வழக்கம் கிடையாது.

பட்டப்பெயரைச் சாதியாக அறிமுகப்படுத்துவது

பிள்ளை, மூட்லி (நம் முதலி), நாயுடு, கவெண்டர் (நம் கவுண்டர்), படையாச்சி. தென்னாப்பிரிக்காவில் இவை குடும்பப் பெயர்கள். கப்பல் பட்டியலின் சாதிக் கட்டத்தில் இருப்பதும் இன்றைய குடும்பப் பெயரும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நட்டாலில் பலர் புதுப் பெயர் எடுத்துக்கொண்டார்கள், சிலருக்குத் தந்தையின் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஊருக்குள் நுழைந்ததும் "இவங்க பிள்ளைமாருங்க" என்று நீங்களே சொல்லிவிட்டால், ஊர்க்காரர்கள் அந்தத் தெருவுக்குத்தான் கூட்டிப் போவார்கள், அதோடு தேடல் முடிந்துவிடும்.

இதில் வலிக்கிற இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்டியலில் ஒடுக்கப்பட்ட சாதி எழுதியிருந்தால், கூட வருகிற ஓட்டுநரோ வழிகாட்டியோ காலனிப் பக்கம் வண்டியைத் திருப்பாமல், "அங்க யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு ஊர்த்தெருவோடு முடித்துவிடுவதுண்டு. பல்லாயிரம் மைல் தாண்டி வந்தவரை அவருடைய சொந்தத் தெருவுக்கு நூறு அடி முன்னால் நிறுத்துகிற இந்தக் கொடுமைக்கு நாம் துணை போகக்கூடாது. பட்டியலில் இருப்பதைப் பயணத்துக்கு முன்பே வந்தவரிடம் தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள். எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஓட்டுநரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டர்பன் கோயில் சாமியைக் குலதெய்வமாக நினைப்பது

இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஈஸ்டர் விடுமுறையில் தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். அது தோட்டத்துக் கூலிகள் எல்லாரும் சேர்ந்து கும்பிட்ட சாமி. குலதெய்வம் வேறாக இருக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் மொட்டை எந்தச் சாமிக்கு, எந்தப் பெயரைச் சொல்லிப் படையல் போட்டார்கள், ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குள் மட்டும் செய்கிற பூசை எது என்று வீட்டுப் பாட்டிகளிடம் கேட்கச் சொல்லுங்கள். 'பச்சையம்மன்', 'முனீஸ்வரன்' போன்ற பெயரோடு கூடவே ஓர் ஊரோ ஏரியோ நினைவில் ஒட்டியிருந்தால், அது ஜில்லா கட்டத்தை விட உறுதியான சாட்சி.

நிலத்தைப் பற்றி வாய் திறப்பது

வெளிநாட்டுக்காரர் கையில் நூறு வருஷத்துக் காகிதத்தோடு வந்து "எங்கள் முப்பாட்டன் வீடு எது" என்று கேட்டால், ஊர் முதலில் நினைப்பது சொத்து வழக்கைத்தான். கதவுகள் சாத்திக்கொள்ளும். "சொத்துக் கேட்டு வரல, சொந்தம் பார்க்க வந்திருக்காங்க" என்பதுதான் உங்கள் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். அடங்கல், அ-பதிவேடு என்று தாலுகா ஆபீசில் அலைவதும் வீண். ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இருந்ததில்லை, பதிவேட்டில் பெயர் இருக்காது.

முதலில் "நம்ம ஆளு" என்று சொன்னவரை நம்புவது

அன்பினால் சொல்கிறவர்கள் உண்டு, பணத்துக்காகச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு வகையினரையும் ஒரே மாதிரி விசாரியுங்கள். பட்டியலில் உள்ள தந்தை பெயரை நீங்கள் சொல்லாமல், அவரைச் சொல்லச் சொல்லுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால் அந்தப் பெயர் பங்காளி வீடுகளில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கும். கப்பலேறியவரைப் பற்றி ஊரில் 'காணாமல் போனவர்', 'கண்டிச் சீமைக்குப் போனவர்' என்று தவறான நினைவு இருப்பதும் உண்டு. நட்டால் என்ற சொல் யாருக்கும் தெரியாததால் உறவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

டிசம்பர் கடைசியில் வந்து ஜனவரி முதல் வாரம் திரும்புவது

தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறை ஜனவரி நடுப்பகுதி வரை இருக்கும். ஒரு வாரம் தள்ளினால் பொங்கல், வெளியூரில் வேலை பார்க்கும் பங்காளிகளும் ஊரில் இருப்பார்கள். குலதெய்வம் தெரிந்துவிட்ட குடும்பம் என்றால் மாசி சிவராத்திரிக்கு வரச் சொல்லுங்கள். கண்ட கண்ட ஊரில் இருக்கும் வகையறா முழுதும் அன்றைக்கு ஒரே கோயிலில் கூடும், பத்து ஊர் சுற்றுகிற வேலை ஓர் இரவில் முடியும்.

ஓ.சி.ஐ. அட்டை கிடைக்கும் என்று வாக்குக் கொடுப்பது

இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு கொடுக்கும் அட்டை அது. சட்டம் பொதுவாகக் கொள்ளுப்பேரப் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. 1880களில் போனவரின் இன்றைய வாரிசுகள் ஐந்தாம், ஆறாம் தலைமுறை. எண்ணிப் பார்க்காமல் ஆசை காட்டாதீர்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒன்றும் வைக்காமல் வருவது

உறவு அன்றைக்கே கிடைக்க வேண்டும் என்பதில்லை. பட்டியலின் வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து, பெயர், தந்தை பெயர், கப்பலேறிய ஆண்டு, குலதெய்வம், வந்த குடும்பத்தின் படம், உங்கள் உள்ளூர்க் கைபேசி எண் எல்லாம் ஒரே தாளில் வரும்படி செய்யுங்கள். தென்னாப்பிரிக்க எண்ணைக் கொடுத்தால் கிராமத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். பத்துப் பிரதி போதும்: ஊராட்சி அலுவலகம், டீக்கடை, ரேஷன் கடை, கோயில் பூசாரி, காலனியில் ஒரு வீடு, ஊர்த்தெருவில் ஒரு வீடு. மீதியை வி.ஏ.ஓ.விடம் கொடுத்துவிடுங்கள், பக்கத்துக் கிராமங்களின் வி.ஏ.ஓ.க்களை அவருக்குத் தெரியும்.