மஞ்சளடித்த க்ளோவர்: மானுக்கும் வான்கோழிக்கும் விதைத்த நிலத்தைத் தேற்றிய விதம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வெள்ளைவால் மானுக்கும் காட்டு வான்கோழிக்கும் வசந்தத்தில் விதைத்த லடீனோ வெள்ளை க்ளோவர் (பயறு வகைத் தீவனச் செடி), நாலு விரல் உயரத்திலேயே மஞ்சளாகி நின்றால் யூரியா போடாதீர்கள். அது புல்லைத்தான் வளர்க்கும். ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் தழைச்சத்து சேரவில்லை.

என் நிலத்தில் காரணம் மண்ணின் அமிலத்தன்மை. பி.எச். 5.4, க்ளோவருக்கு 6.5 வேண்டும். மண் பரிசோதனைப்படி ஏக்கருக்கு 2 டன் சுண்ணாம்புக்கல் தூளை இலையுதிர் காலத்திலேயே தூவி, சட்டிக் கலப்பையால் கலந்தேன். சுண்ணாம்பு மண்ணை மாற்றப் பல மாதங்கள் ஆகும். விதைக்கிற வாரத்தில் கொட்டினால் அந்தப் பருவத்துக்கு உதவாது.

ஏப்ரல் தொடக்கத்தில் துணைப்பயிராக ஏக்கருக்கு 40 பவுண்டு ஓட்ஸை ஓர் அங்குல ஆழத்தில் மூடி, உருளை ஓட்டினேன். அதன்மேல் ரைசோபியம் (வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா) கலந்த க்ளோவர் விதை 8 பவுண்டு (சுமார் 3.6 கிலோ) தூவி, மறுபடியும் உருளை. கால் அங்குலத்துக்குக் கீழே போனால் இந்தப் பொடி விதை மேலே வராது. பலருக்கும் விதை வீணாவது இங்கேதான். க்ளோவருக்கென்றே விற்கும் ரைசோபியத்தையே வாங்குங்கள், சோயாவுக்கானது இதில் முடிச்சுப் போடாது. வெயிலில் வைத்தாலும் செத்துவிடும்.

ஓட்ஸ் கதிர்விடும் முன் 6 அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஓரத்து உயரப் புல்லை மட்டும் ஜூலைக் கடைசி வரை தொட வேண்டாம், பெட்டை வான்கோழி அடைகாக்கும் இடம் அது.