கார் கீறலை வீட்டிலேயே சரிசெய்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரில் ஒரு கோடு விழுந்துவிட்டால் கை பரபரக்கும். கிடைத்ததை எடுத்துத் தேய்க்கத்தான் முதலில் தோன்றும். பெரும்பாலான சேதம் இந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

இப்போதைய கார்களில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும். நான்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். சராசரித் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. எதை வைத்துத் தேய்த்தாலும் குறைவது இந்தப் படலம்தான். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் இதுவே. அளவுக்கு மீறித் தேய்த்த இடம் போகப்போக வெளுத்துச் செதிலாக உரிய ஆரம்பிக்கும். அப்புறம் பாலிஷ் போட்டுப் பயனில்லை, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். அதனால் எவ்வளவு குறைவாகத் தேய்த்து வேலையை முடிக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, கீறலே இல்லாததைக் கீறல் என்று நினைத்துச் சுரண்டுவது. தூணிலோ கேட்டிலோ வேறு வண்டியிலோ உரசியபின் தெரியும் வெள்ளைக் கோடுகளில் பல, அந்தப் பொருளின் பெயின்ட் நம் கார்மேல் ஒட்டிக்கொண்டதுதான். முதலில் கார் ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு விரல் நகத்தை அழுத்தாமல் கோட்டுக்குக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் ஒட்டிய பெயின்ட். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டமான கீறல், பாலிஷ் போதும். பள்ளத்தில் மாட்டினால் ஆழமானது, எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. சந்தேகமாக இருந்தால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரியும் கோடு பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நின்றதாகவே இருக்கும்.

ஒட்டிய பெயின்ட்டை எடுக்க பிளேடு, பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் இரண்டுமே வேண்டாம். கார்களுக்கென்று விற்கும் தார் நீக்கியை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். மீதி இருந்தால் கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி), அதற்கும் அசையவில்லை என்றால் மென்மையான பாலிஷ். இந்த வரிசையில் போங்கள், எடுத்த எடுப்பில் பாலிஷைவிட வேகமாக அராவும் முரட்டுக் காம்பவுண்டுக்குத் தாவாதீர்கள். தேய்க்கும்போது அடிக்கடி துணியைத் திருப்பிப் பாருங்கள். ஒட்டியிருந்த பெயின்ட்டின் நிறம் துணியில் ஏறினால் வேலை சரியாகப் போகிறது. உங்கள் காரின் நிறமே ஏறினால் அந்த நொடியே நிறுத்துங்கள். கிளியர் கோட் தீர்ந்து நிறத்தைத் தொட்டுவிட்டது. கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்ட்டில் மட்டும் இப்படி நிறம் வருவது இயல்பு.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய பெயின்ட் ஒரு துடைப்பைத் தாங்கிவிடலாம். ஆனால் அந்தப் பகுதி முன்பு எப்போதோ மறுபெயின்ட் ஆகியிருந்தால் இளகித் துணியோடு வந்துவிடும். விளக்கின் கண்ணாடிபோல் இருக்கும் பிளாஸ்டிக்கில் பட்டால் மங்கிப்போகும். இந்த ஆபத்துக்கு அவசியமே இல்லை.

பற்பசையும் அப்படித்தான். அதில் இருக்கும் அராவுபொருள் பல்லுக்காகச் சேர்த்தது. மிகச் சிறிய கோடுகள் கொஞ்சம் மங்கலாம். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் அந்த இடம் முழுக்கப் புகைபடிந்ததுபோல் ஆகிவிடும்.

தூசியைக் கழுவாமல் பாலிஷ் போடுவது, கீழே விழுந்த துணியை உதறிவிட்டு அதையே பயன்படுத்துவது, வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் பானெட்டில் வேலை செய்வது, இந்த மூன்றும் புதுக் கோடுகளை உண்டாக்கும். நிழலில், கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள்.

உப்புத்தாளை அனுபவமில்லாமல் தொடவே வேண்டாம் என்பேன். மரவேலைக்கு வாங்கிய தாள் ஒரே இழுப்பில் நிறம்வரை போய்விடும். தெரிந்தவர்கள்கூட 2000, 3000 எண் கொண்ட மிக நைசான தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் பயன்படுத்துவார்கள். கதவின் ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருப்பதால் அங்கே அவர்களும் கை வைக்க யோசிப்பார்கள்.

ஆழமான கீறலுக்கு டச்-அப் பெயின்ட், அதாவது கீறலில் மட்டும் வைக்கும் சிறு புட்டிப் பெயின்ட் தான் வழி. இங்கே நடக்கும் தவறு நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்குவது. வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் நிறத்தின் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். அதைச் சொல்லி வாங்கினாலும் வெயிலில் வெளுத்த காரிலும், மெட்டாலிக் நிறத்திலும் அச்சு அசலாகப் பொருந்தாது. தூரத்திலிருந்து தெரியாமல் இருந்தாலே நல்ல வேலை.

மூடியோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமனாக இருக்கும், கீறலைத் தாண்டிப் பரவி மேடு கட்டும். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு பொட்டு எடுத்துப் பள்ளத்துக்குள் மட்டும் விடுங்கள். காயவிட்டு அடுத்த பூச்சு. தகடு வெளியே தெரிந்தால் நிறத்துக்கு முன் துருவைச் சுத்தமாக எடுத்து, பிரைமர் வைக்க வேண்டும். துருவின் மேலேயே பெயின்ட் வைத்தால் அது உள்ளுக்குள் பரவிக் குமிழாகக் கிளம்பும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே துருக் கவலை இல்லை, ஆறப்போடலாம். வைத்த பெயின்ட் முழுதாக இறுகும்வரை, சுமார் ஒரு மாதம், அந்த இடத்தில் வாக்ஸ் போடாதீர்கள்.

மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பெயின்ட்) கார் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன பாலிஷ், காம்பவுண்ட், கிளே பார் எதுவும் பொருந்தாது. தேய்த்த இடம் மட்டும் திட்டாகப் பளபளக்கும், அதைத் திரும்ப மேட் ஆக்க அந்தப் பகுதி முழுவதையும் மறுபெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். லேசாக உரசியிருந்தால்கூட மேட் பெயின்ட் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.