பத்ம விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைப்பது எப்படி? முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களுக்கு

ஜனவரி 25 மாலை பத்ம விருதுப் பட்டியல் வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "நாற்பது வருஷமா இவ்வளவு செஞ்ச நம்ம ஊர் அம்மாவுக்கு ஏன் கொடுக்கல?" நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன், அவருக்காக யாராவது பரிந்துரை அனுப்பினீர்களா? பெரும்பாலும் யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். இது எம்.எல்.ஏ., எம்.பி., கலெக்டர் மட்டும் செய்கிற வேலை என்று நினைத்து நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் விதிப்படி இந்தியக் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது.

செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பாம்பு பிடிக்கும் தங்கள் அறிவுக்காக 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாள் பாட்டிக்கு நூறு வயது தாண்டியபிறகு 2021-ல் வந்தது. பறையிசைக்காக வேலு ஆசானுக்கு 2025-ல் கிடைத்தது. உங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். அவருடைய வேலையை டெல்லியில் இருக்கிற ஒரு குழுவுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: எந்த விருது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பாரத ரத்னா நம் கையில் இல்லை. அதற்குப் பிரதமர் நேரடியாகக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரை செய்கிறார், முறைப்படியான விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. 1954-ல் தொடங்கிய அந்த விருதை முதல் ஆண்டிலேயே பெற்ற மூன்று பேர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமன்.

பத்ம விருதுகளில் மூன்று நிலைகள்: பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ. இவையும் 1954-ல் வந்தவைதான், இப்போதைய பெயர்கள் 1955-ல் வைக்கப்பட்டன. கலை, சமூகப்பணி, பொது விவகாரம், அறிவியல் பொறியியல், தொழில் வணிகம், மருத்துவம், இலக்கியம் கல்வி, குடிமைப்பணி, விளையாட்டு என்று துறைகள் இருக்கின்றன. எதிலும் அடங்காதவர்களுக்கு 'மற்றவை' என்றும் ஒன்று உண்டு. ஊருக்கு உழைத்தவர்களுக்கு நாம் பரிந்துரைக்க வேண்டியது இந்த வரிசையில்தான்.

ராணுவ வீர விருதுகள் முற்றிலும் வேறு பாதை. போர்க்களத்தில் எதிரி முன் காட்டிய வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. மற்ற இடங்களில் காட்டும் வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. இலங்கையில் 1987-ல் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பரம் வீர் சக்ரா பெற்றவர், காஷ்மீரில் 2014-ல் வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜன் அசோக சக்ரா பெற்றவர். ராணுவத்தினருக்கான பரிந்துரை அவர்களுடைய படைப்பிரிவில் தொடங்கி அதிகாரிகள் வழியாக மேலே போகும், வெளியிலிருந்து நாம் படிவம் நிரப்பி அனுப்ப வழியில்லை. குடியரசு தினம், சுதந்திர தினம் என்று ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிக்கிறார்கள். நெடுங்காலச் சிறப்பான ராணுவப் பணிக்குப் பரம விசிஷ்ட சேவா பதக்கம் போன்றவை தனியாக இருக்கின்றன.

பலருக்குத் தெரியாத ஒன்று, அசோக சக்ரா வரிசை பொதுமக்களுக்கும் உண்டு. 1986-ல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்ட விமானப் பணிப்பெண் நீரஜா பனோத்துக்கு அது வழங்கப்பட்டது.

அப்புறம், கிணற்றில் விழுந்த குழந்தையைக் குதித்துத் தூக்கியவர், வெள்ளத்தில் போனவர்களை இழுத்துக் கரைசேர்த்தவர் இருக்கிறார்களே, அவர்களுக்குப் பத்ம விருதுப் படிவத்தை நிரப்பாதீர்கள். ஒரு உயிரைக் காப்பாற்றிய அந்த ஒரு செயலுக்காகவே ஜீவன் ரக்ஷா பதக்கம் என்று இருக்கிறது, அதிலும் மூன்று நிலைகள். அது மாநில அரசு வழியாகப் போவது என்பதால், காலம் தாழ்த்தாமல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பழைய சம்பவங்களை ஏற்கமாட்டார்கள். போலீஸ், தீயணைப்புத் துறையினர் தங்கள் பணிக்கு வெளியே செய்த செயல் என்றால்தான் இதற்குத் தகுதி. தமிழ்நாடு அரசு குடியரசு தினத்தில் தரும் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்தையும், பெண்களின் துணிச்சலுக்காகச் சுதந்திர தினத்தில் தரும் கல்பனா சாவ்லா விருதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி சொல்வதெல்லாம் பத்ம விருதுக்கு.

படி 2: தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

சாதி, இனம், தொழில், பதவி, பாலினம் எதுவும் தடையில்லை. அரசு ஊழியர்களுக்கும் பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கும் மட்டும் கிடையாது. அதிலும் மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் விலக்கு உண்டு. உங்கள் ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர் இன்னும் பணியில் இருக்கிறார் என்றால் ஓய்வு பெறும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

மறைந்தவர்களுக்குப் பொதுவாக வழங்குவதில்லை, மிகச் சிறப்பான நேர்வுகளில் மட்டும் தருகிறார்கள். இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், எண்பது வயதுக்காரரைப் பற்றி "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே பத்மஸ்ரீ பெற்றவரை அடுத்த நிலைக்குப் பரிந்துரைப்பதானால் நடுவில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

ஒரு ஆண்டில் மொத்தம் 120 பேருக்கு மேல் கிடையாது (மறைந்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்). இவ்வளவு பெரிய நாட்டுக்கு 120 என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார வேண்டும்.

படி 3: தேதியைப் பிடியுங்கள்

2025 விருதுகளுக்கு 2024 மே 1 முதல் செப்டம்பர் 15 வரை பரிந்துரை வாங்கினார்கள். 2026 விருதுகளுக்கோ 2025 மார்ச் 15-லேயே வாங்கத் தொடங்கிவிட்டார்கள். தேதி இப்படி மாறுகிறது என்பதால் போன வருஷக் கணக்கை நம்பாமல், மார்ச் மாதத்திலிருந்தே தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வேலையை அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும். படிவம் நிரப்புவது ஒரு மணி நேர வேலைதான், தகவல் திரட்டுவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

படி 4: ஆதாரம் திரட்டுங்கள்

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். ஆதரவற்று இறந்தவர்களின் உடல்களைப் பொறுப்பேற்று அடக்கம் செய்கிற ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள் (இவர் நான் விளக்கத்துக்காக உருவாக்கியவர்). ஊரே அவரைப் புகழும், ஆனால் கையில் ஒரு காகிதம் இருக்காது. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தன்னைப் பற்றி எதையும் எடுத்துவைக்கிற பழக்கம் இல்லாதவர்கள்.

ஆதாரம் இல்லாமல் இல்லை, வேறு வேறு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. உடலை ஒப்படைக்கும்போது காவல் நிலையத்தில் ஒரு கடிதம் எழுதியிருப்பார்கள், அரசு மருத்துவமனைப் பிணவறையில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், மயானப் பதிவேட்டில் தேதி இருக்கும், உள்ளூர்ப் பதிப்பில் என்றைக்கோ ஒரு செய்தி வந்திருக்கும். இவற்றின் நகலை வாங்குங்கள். நகல் தர மறுத்தால் ஆண்டுவாரியாக எத்தனை என்ற கணக்கையாவது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவருடனேயே ஒரு முழு மதியம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வருஷம் தொடங்கினார், முதல் உடல் யாருடையது, செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யார் தடுத்தார்கள், இப்போது அவரோடு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள். வருஷம் சரியாக நினைவில்லை என்றால் "பெரிய மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலா, பின்னாலா" என்று கேளுங்கள், கச்சிதமாகச் சொல்வார்.

பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தேர்வாகும் நிலைக்கு வருகிறவர்களின் பின்னணியை அரசு விசாரிக்கும், அப்போது ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது.

படி 5: 800 சொற்கள்

படிவத்தில் சைட்டேஷன் என்று ஒரு பகுதி இருக்கும். பரிந்துரைக்கப்படுபவரின் சாதனையை அதிகபட்சம் 800 சொற்களுக்குள் விவரித்து எழுத வேண்டும். என் அனுபவத்தில் நல்ல பரிந்துரையும் வீணான பரிந்துரையும் பிரிகிற இடம் இதுதான்.

பொதுவாக எப்படி எழுதுகிறார்கள் என்றால்: "தன்னலமற்ற தாயுள்ளம் கொண்ட இவர், ஏழை எளியோரின் கலங்கரை விளக்கமாகத் திகழ்ந்து, இறந்தோருக்கும் உறவாக நின்று, மனிதநேயத்தின் மறுஉருவாக வாழ்ந்து வருகிறார்."

மேடையில் பேச இது சரி. ஆனால் இதில் படிப்பவருக்குத் தெரிய வந்தது என்ன? ஒன்றுமில்லை. அதே ஆளைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்: "2003-ல் மாவட்ட அரசு மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளராக இருந்தபோது, உரிமை கோர ஆளில்லாத ஒரு முதியவரின் உடலைத் தன் சொந்தச் செலவில் அடக்கம் செய்தார். அதிலிருந்து இன்றுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை அடக்கம் செய்திருக்கிறார், இதற்கு மயானப் பதிவேடு சான்று. முதல் ஆறு ஆண்டுகள் தன் சம்பளத்திலிருந்தே செலவழித்தார். இப்போது இவரிடம் பயிற்சி பெற்ற பெண்கள் மூன்று மாவட்டங்களில் இதே பணியைச் செய்கிறார்கள்."

ஒரு பெருமைச் சொல்கூட இல்லை, ஆனால் படிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கும். எப்போது தொடங்கினார், எவ்வளவு செய்தார், எதை இழந்து செய்தார், அவரால் என்ன மாறியது, அவருக்கு அப்புறமும் அது தொடருமா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். வாங்கிய கேடயங்களையும் பொன்னாடைகளையும் வரிசையாக அடுக்கி இடத்தை நிரப்பாதீர்கள், மாநில அளவில் ஏதாவது பெரிய விருது இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள்.

முதலில் தமிழில் எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு நன்றாக ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒருவரை வைத்து மொழிபெயருங்கள், ஏனென்றால் படிக்கப்போவது டெல்லியில். உள்ளூர்ச் சொற்களை அப்படியே விட்டுவிடாமல் ஒரு வரியில் விளக்கம் சேருங்கள். தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பவருக்குக் கணியான் கூத்து என்றால் என்ன என்று தெரியாது.

படி 6: தளத்தில் பதிவேற்றம்

பரிந்துரைகள் ஆன்லைனில் மட்டும்தான், தபாலில் அனுப்பிப் பயனில்லை. ராஷ்ட்ரிய புரஸ்கார் போர்ட்டல் என்ற மத்திய அரசின் தளத்துக்குப் போங்கள் (முகவரி: அவார்ட்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்). தனிநபர் என்று உங்கள் பெயரில் பதிவு செய்து உள்ளே நுழைந்தால், அப்போது திறந்திருக்கிற விருதுகளின் பட்டியல் தெரியும். அதில் பத்ம விருதுகளைத் தேர்ந்தெடுத்து விவரங்களை நிரப்புங்கள். எழுதி வைத்த 800 சொற்களை அங்கே ஒட்டிவிடலாம். பாதியில் நிறுத்த வேண்டியிருந்தால் வரைவாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் இரவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அனுப்பும் முன் இன்னொருவரை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், எழுத்துப்பிழைகள் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இடைத்தரகர்கள் யாராவது "விருது வாங்கித் தருகிறேன், இவ்வளவு செலவாகும்" என்று வந்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். பணத்துக்கு இங்கே எந்த வேலையும் இல்லை.

படி 7: அனுப்பிய பிறகு

பிரதமர் ஒவ்வோர் ஆண்டும் அமைக்கிற பத்ம விருதுக் குழு பரிந்துரைகளைப் பரிசீலிக்கும். அமைச்சரவைச் செயலாளர் தலைவர், உள்துறைச் செயலாளரும் குடியரசுத் தலைவரின் செயலாளரும் உறுப்பினர்கள், கூடவே நான்கு முதல் ஆறு வரை துறை வல்லுநர்கள். அவர்கள் தரும் பட்டியல் பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் போய் ஒப்புதல் பெறும். குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் அறிவிப்பு. விழா வழக்கமாக மார்ச், ஏப்ரல் வாக்கில் குடியரசுத் தலைவர் மாளிகையில் நடக்கும்.

கிடைத்தால் என்ன தருவார்கள்? குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ், ஒரு பதக்கம், விழாக்களில் அணிந்துகொள்ள அதன் சிறிய நகல். ரொக்கம் கிடையாது, ரயில் சலுகை, விமானச் சலுகை எதுவும் கிடையாது. இதை அவரிடமும் குடும்பத்தாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. "பத்மஸ்ரீ" என்று பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளவும் கூடாது. அரசியலமைப்பின் 18-வது பிரிவு பட்டங்களைத் தடை செய்கிறது, 1995-ல் உச்ச நீதிமன்றம் இந்த விருதுகள் செல்லும் என்று சொன்னபோதே அடைமொழியாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊரில் ஃப்ளெக்ஸ் வைக்கிற தம்பிகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள், ஆர்வத்தில் பெயருக்கு முன்னால் போட்டுவிடுவார்கள், மீறினால் விருதையே திரும்பப் பெற வழியிருக்கிறது.

கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு மறுபடி அனுப்புங்கள். அதே கோப்புதான், இடைப்பட்ட ஆண்டில் அவர் செய்ததைச் சேர்த்து, படிக்கும்போது மந்தமாகத் தோன்றிய பத்திகளை மாற்றி எழுதினால் போதும். அதோடு மாநில அரசின் விருதுகளுக்கும் அதே ஆதாரங்களை வைத்து விண்ணப்பிக்கலாம்.