பழைய செயின்சாவின் கார்புரேட்டர்: திருகைத் தொடுவதற்கு முன்னும் பின்னும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திருவட்டாறு பகுதி ரப்பர்த் தோட்டங்களில் மரம் அறுக்கும் பழைய செயின்சா திணறத் தொடங்கினால், பலரும் முதலில் செய்வது ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் திருகைத் திருப்புவதுதான். நேற்றுவரை சரியாக ஓடிய மெஷினில் திருகு தானாக நகர்ந்திருப்பது அரிது. கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். ஆகவே திருகைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

ரப்பர்ப்பாலோடு சேர்ந்த ஈரத்தூள் ஏர் ஃபில்டரில் பசைபோலப் படிந்து காற்றை அடைக்கும். அதைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். டேங்குக்குள் குழாயின் நுனியிலிருக்கும் சிறிய ஃபில்டரை வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பார்த்து, கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். சிறிது நேரம் ஓடி நின்றுவிடும் மெஷின், டேங்கு மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் ஓடினால், டேங்குக்குக் காற்று போகும் துளை அடைபட்டிருக்கிறது. சைலன்சர் வலையில் கரி படிந்திருந்தாலும் வேகம் ஏறாது.

பெட்ரோல் தனிக் கவனம் கேட்கும் விஷயம். இன்று பங்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில் வாரக்கணக்கில் கேனில் கிடந்த கலவையை நம்ப முடியாது. பழைய மெஷின்கள் பலவற்றுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்), அதாவது 25:1, என்ற அளவு சொல்லப்பட்டிருக்கும். உங்கள் மெஷினின் குறிப்பேட்டிலுள்ள அளவையே பின்பற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திணறினால் கார்புரேட்டரைத் திறக்கலாம். உள்ளே இருக்கும் டயாபிரம் என்னும் சவ்வு மெல்லிய துணிபோல வளைய வேண்டும்; விறைத்து, தொட்டால் சரசரத்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. கேஸ்கெட்டும் (கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்புத் தகடு) டயாபிரமும் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கழற்றும்போதே கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நுண்துளைகளில் கம்பியை நுழைக்காமல் கார்புரேட்டர் கிளீனர் மட்டும் அடியுங்கள். மெஷினைச் சாய்க்கும்போதெல்லாம் ஐட்லிங் வேகம் (ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது ஓடும் வேகம்) மாறினால் காற்றுக்கசிவு இருக்கக்கூடும். அதைச் சரிசெய்யாமல் டியூனிங் செய்வதில் பயனில்லை.

இனி திருகுகள். எல் (L) என்பது குறைந்த வேகத்துக்கும், எச் (H) என்பது முழு வேகத்துக்கும் போகும் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். மூன்றாவது திருகு ஐட்லிங்கை. எல், எச் இரண்டையும் வலமாக, அழுத்தாமல், முட்டும்வரை மூடி, ஒரு முழுச் சுற்றுத் திறந்து வையுங்கள். சங்கிலியும் அது ஓடும் நீண்ட தகடான பாரும் மாட்டிய நிலையில், அருகில் யாரும் இல்லாத இடத்தில், இரண்டு மூன்று நிமிடம் சூடாக ஓடவிடுங்கள். எல் திருகை மெதுவாகத் திருப்பி, ஐட்லிங் மிக அதிகமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அரைக்கால் சுற்று (எட்டில் ஒரு பங்கு) இடமாகத் திறவுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் தயங்கினால் இன்னும் சற்றுத் திறக்க வேண்டும். புகைந்து அமுங்கினால் சற்று மூட வேண்டும். பின்னர், ஐட்லிங்கில் சங்கிலி அசையாதபடி மூன்றாவது திருகை வையுங்கள்.

எச் திருகில்தான் மெஷினின் உயிர் இருக்கிறது. சங்கிலி பிரேக்கை விடுவித்து, சில நொடிகள் மட்டும் முழு வேகம் கொடுத்துக் கேளுங்கள்: சுமையில்லாதபோது சத்தம் சற்றே உடைந்து, கரகரப்பாக வர வேண்டும், மரத்தில் இறக்கியதும் அது தெளிய வேண்டும். சுமையில்லாமலே கூர்மையாகக் கீச்சிட்டால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். உடனே இடமாகத் திறவுங்கள். 2017 ஒக்கி புயலுக்குப் பின் விழுந்த ரப்பர் மரங்களை அவசரமாக அறுத்த நாட்களில், அந்தக் கீச்சுக்குரலை நல்ல வேகமென்று எண்ணி ஒரு பிஸ்டனை நான் சிலிண்டருக்குள் இறுகிச் சிக்க வைத்துவிட்டேன். பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு மசகு என்பதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது.

மேல் கோதையாறு போன்ற உயரமான இடத்தில் காற்று மெலிந்திருப்பதால், கீழே சரியாக ஓடிய மெஷின் அங்கே புகைந்து மந்தமாகும். அங்கே எச் திருகைச் சிறிது மூடியிருந்தால், திரும்பி வந்து கீழே முதல் மரத்தில் வைப்பதற்கு முன் பழைய அளவுக்குத் திறந்துவிடுங்கள்.